விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, பழைய கணினியை என்ன செய்வது?

வாசகர் கேள்வி: 2025 ஒக்டோபர் 15, காலை

நேற்றுடன் விண்டோஸ் 10 இற்கான ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டதாக எல்லாச் செய்திகளும் கூறுகின்றன. தெஹிவளையில் உள்ள எங்கள் வீட்டில் 2016 இல் வாங்கிய, ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லுள்ள கணினி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11 ஐ அது ஏற்காதாம். பழைய கணினியைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் தங்களை மட்டுமல்ல, தங்களோடு கோப்புப் பரிமாறும் எல்லோரையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருந்தால் காரணத்தோடு மறுக்கவும்.

ஒக்டோபர் 15, இரவு

நான் மறுக்கிறேன். அதில் என் சொந்த நலனும் கலந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்யும் சிறிய கடை வைத்திருக்கிறேன். அங்கே மூன்று கணினிகள் இருக்கின்றன. ஒன்று புதியது; ஒன்று உங்களுடையதைப் போன்றது; மூன்றாவது 2002 இல் வாங்கிய, இன்றும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகின்ற பெட்டி. அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்), கும்பாபிஷேக மலர்கள், அரங்கேற்ற அழைப்பிதழ்கள் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தவையெல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன.

உங்கள் கணினி நேற்றிரவு செத்துவிடவில்லை. 2015 ஜூலை 29 அன்று வெளியான ஒரு மென்பொருளுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வரமாட்டா என்பதே செய்தி. அது வெளியான ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அலுவலர் ஒருவரே இதுதான் கடைசி விண்டோஸ் என்று மேடையில் பேசியதை மறந்துவிட்டோம். ஆறே ஆண்டுகளில் 11 வந்தது. எட்டாம் தலைமுறை இன்டெல் சில்லும் டீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 2016 இல் வாங்கிய கணினி அந்தக் கோட்டுக்கு ஓரடி பின்னால் நிற்கிறது. வேகத்திலோ வலுவிலோ அதற்குக் குறையொன்றும் இல்லை.

இன்னும் ஓராண்டுக்குத் திருத்தங்கள் வேண்டுமானால் 30 டொலர், அதாவது ஏறத்தாழ 9,000 ரூபாய் கட்டியே ஆகவேண்டும். ஒரு புதிய கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையல்ல.

ஒக்டோபர் 16

மேலே "கட்டியே ஆகவேண்டும்" என்று எழுதியது பிழை. பணம் கட்டுவது ஒரு வழி மட்டுமே. மைக்ரோசாஃப்ட் கணக்கொன்றால் உள்நுழைந்து, கணினியின் அமைப்புகளை அவர்களுடைய மேகச் சேமிப்பில் ஒத்திசைத்தால் அதே நீட்டிப்பு இலவசமாகக் கிடைக்கும். இரண்டில் எந்த வழியில் சேர்ந்தாலும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். கணினியில் விண்டோஸ் 10 இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். கடையிலுள்ள இரண்டாவது கணினியை இன்று காலை இப்படித்தான் பதிவு செய்தேன்; பத்து நிமிடம் கூட ஆகவில்லை. ஐரோப்பிய பொருளாதார வலயத்தில் வசிப்பவர்களுக்கு இந்த ஒத்திசைவு நிபந்தனையும் இல்லை. அங்கே கேட்பதற்கு ஆள் இருக்கிறது, இங்கே இல்லை என்பதைத் தவிர வேறு வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

ஒக்டோபர் 18

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரைக் கிருமியை மறந்துவிட்டீர்களா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மறக்கவில்லை. 2017 மே 12 அன்று அது பரவத் தொடங்கிய வார இறுதியில் கடையின் இணையக் கம்பியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல. அப்போதும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்த விண்டோஸ் 7. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. இரண்டு மாதமாக அதை நிறுவாமல் இருந்தவர்கள்தான் அகப்பட்டார்கள். 2014 ஏப்ரல் 8 அன்றே கைவிடப்பட்ட எக்ஸ்பிக்கும் அந்த வாரம் அவசரத் திருத்தம் ஒன்று வெளியானது. கைவிட்டோம் என்றவர்கள் கையை நீட்டிய அரிய சந்தர்ப்பம் அது.

ஆகவே, ஆபத்து வயதில் மட்டும் இல்லை. என்னுடைய எக்ஸ்பி பெட்டிக்கு இணையமே கிடையாது. அதற்குள் கிருமி வரவேண்டுமானால் யாராவது பேனா டிரைவில் கொண்டுவந்து செருக வேண்டும். அதற்கும் இடமில்லாமல் முன்பக்கத் துளைகளை நாடாவால் ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 21

நேற்றுத் தீபாவளி. கடை பூட்டுத்தான், ஆனாலும் பகல் ஒரு மணிவாக்கில் மருமகனிடமிருந்து அழைப்பு வந்தது. அவன் ஒரு புடவைக்கடைக்கு வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்தான், இணையத்திலேயே வடிவமைக்க உதவும் கன்வா திறக்கவில்லை. தன்னுடைய இணைப்புத்தான் பழுது என்று நினைத்து, ரவுட்டரை நான்கு தடவை அணைத்து எழுப்பியிருக்கிறான். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவின் வட வேர்ஜினியாவில் உள்ள அமேசான் தரவு நிலையங்களில் ஒரு தரவுத்தளச் சேவையின் முகவரிப் பதிவு வெறுமையாகிவிட, அதை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்திருக்கின்றன என்று. ஊரே உறங்கும் நேரத்தில் அங்கே அது நடக்க, இங்கே நமக்குத் தீபாவளிப் பகல்.

நான் கடையைத் திறந்து, எக்ஸ்பி பெட்டியில் 2009 இல் செய்த குத்துவிளக்குச் சட்டம் ஒன்றை எடுத்து, புடவைக்கடையின் பெயரை மாற்றி அச்செடுத்துக் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "மாமா, இதைச் சொல்லிச் சொல்லியே இன்னும் பத்து வருசம் ஓட்டப்போறீங்கள்" என்றான். ஓட்டத்தான் போகிறேன்.

ஒக்டோபர் 22

நேற்றைய குறிப்பை மறுபடியும் வாசித்தேன், கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. ஒரு நாள் கன்வா விழுந்ததற்காக என் பெட்டி உயர்ந்ததாகிவிடாது. வருடத்தில் மற்ற 364 நாளும் மருமகன்தான் எனக்கு வேலை பிடித்துத் தருகிறான், அதுவும் கன்வாவில் செய்துகாட்டித்தான்.

நவம்பர் 2

"அந்த எக்ஸ்பி பெட்டியில் அப்படி என்னதான் இருக்கிறது, கோப்புகளைப் புதியதற்கு மாற்றினால் முடிந்ததே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது. நாற்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புரிவதற்காகவே நீட்டி எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியில் இருப்பவை பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். 2001 இல் வந்த பேஜ்மேக்கர் 7 தான் அதன் கடைசிப் பதிப்பு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுமுறையான யுனிகோட் அதற்குத் தெரியாது. நாங்கள் தமிழை பாமினியில் அடித்தோம். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் முகத்தில் தமிழ் எழுத்தை ஒட்டிய ஓர் எழுத்துரு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக அடித்தால் திரையில் "தமிழ்" என்று தெரியும். எழுத்துருவை நீக்கினால் மீண்டும் அதே ஆங்கில எழுத்துக் குப்பை. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே எழுதப்படவில்லை. தமிழைப் போல் தோன்றும் ஆங்கிலம்தான் எழுதப்பட்டிருக்கிறது.

யுனிகோட் 1991 இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கிவிட்டது. இங்கே இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008 இல் கணினித் தமிழ் எழுத்துகளுக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரத்தை வெளியிட்டது. ஆனால் அச்சுக்கூடங்களில் கைகள் ஏற்கனவே பழகிவிட்டிருந்தன. பாமினியின் விசை அமைப்பு பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு அண்மையது. ரெமிங்டனில் தட்டச்சு படித்த என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. ஒற்றைக் கொம்பை முதலில் அடித்து, பிறகு மெய்யை அடித்து, பிறகு காலைப் போட்டால் "கொ". கையால் எழுதும் வரிசையும் அதுதான். யுனிகோட்டிலோ மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். சரியான முறை அதுதான் என்று மூளைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது.

ஆதலால் அந்தப் பெட்டியை வைத்திருப்பது சிக்கனத்தாலோ பழமைப் பற்றினாலோ மட்டுமல்ல. அது இல்லாவிட்டால் இருபது ஆண்டு வேலை முழுவதையும் திறந்து வாசிக்க என்னிடம் வேறு வழி இல்லை.

நவம்பர் 3

தாங்களும் அப்படித்தான் செய்தோம் என்று நால்வர் எழுதியிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் வேலை செய்தவர், பாமினி எழுத்துருவையே தனியே ஒரு ஃப்ளொப்பியில் சட்டைப்பையில் கொண்டு திரிந்ததாகச் சொல்கிறார். நானும் திரிந்தேன்.

நவம்பர் 19

நேற்று மாலை ஐந்து மணியளவில் மறுபடியும் பாதி இணையம் விழுந்தது. இந்த முறை, ஏராளமான இணையத்தளங்களுக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம். இயந்திரப் பார்வையாளர்களை மனிதரிடமிருந்து பிரித்தறிய உதவும் அவர்களுடைய கோப்பொன்று, தரவுத்தள அனுமதி மாற்றம் ஒன்றால் எதிர்பார்த்த அளவின் இரு மடங்காகிவிட்டதாம். அதை வாங்கிய மென்பொருள் தாங்காமல் விழுந்ததாம். ஒக்டோபரில் எழுதியதைத் திரும்ப எழுதப்போவதில்லை. கடந்த பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருளில் மூழ்கியபோது உலகப் பத்திரிகைகளெல்லாம் நம்மைப் பார்த்துச் சிரித்தன. அவர்களிடமும் குரங்கு இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

நவம்பர் 30

இரண்டு நாள் மின்சாரமும் இணையமும் விட்டுவிட்டுத்தான் இருந்தன. டித்வா புயலின் மழையில் எங்கள் ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு கூட வரவில்லை. களனி ஆற்றை அண்டியிருப்பவர்களின் நிலையோடு ஒப்பிட்டு இதை ஒரு துன்பமாகச் சொல்வதே வெட்கம். ஆயினும் 28 ஆம் திகதி இரவு ஒன்றைக் கவனித்தேன். கடைக்குள் தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, வீட்டிலிருந்து நடந்து போய், முதலில் மேசைமேல் தூக்கி வைத்தது புதிய கணினியை அல்ல, எக்ஸ்பி பெட்டியைத்தான். தூக்கும்போதுதான் உறைத்தது: இதற்கு வேறொரு பிரதி எங்கேயும் இல்லை. கிருமி வராமல் துளைக்கு நாடா ஒட்டினேன், இணையத்தைக் கழற்றினேன். ஒரு நாற்பது கிகாபைட் வன்தட்டு 23 வருடமாகச் சுழன்றுகொண்டிருப்பதைப் பற்றி மட்டும் நினைக்கவில்லை.

கேள்வி கேட்ட தெஹிவளை நண்பரிடம் ஒரு விடயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். நான் அந்தப் பெட்டியைப் பாதுகாக்கவில்லை, பூட்டித்தான் வைத்திருந்தேன்.

இன்று பிற்பகல் வெல்லம்பிட்டியிலிருந்து ஒருவர் தெரிந்த ஒருவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். பொலித்தீன் பையில் ஒரு மடிக்கணினி, அதற்குள்ளிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. மகளின் பல்கலைக்கழக வேலை முழுவதும் அதில் என்றார். வன்தட்டை மட்டும் கழற்றி உலர வைத்திருக்கிறேன்.

டிசெம்பர் 4

வெல்லம்பிட்டி மடிக்கணினியின் தரவு முழுவதும் கிடைத்துவிட்டது. உள்ளே இருந்தது திடநிலைத் தட்டு. சேறு கழுவி உலர்த்தியவுடன் ஒன்றும் நடக்காததுபோல் திறந்தது. சுழலும் தட்டாக இருந்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்கமாட்டேன்.

டிசெம்பர் 7

"எப்படியோ புதியதொன்றை வாங்கிவிடுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த மாதம் விலை கேட்டுப் பார்த்தார்களா? நேற்று யூனிட்டி பிளாசாவில் மூன்று கடைகளில் நினைவகம் விசாரித்தேன். செப்டெம்பரில் எனக்குச் சொன்ன விலையின் ஏறத்தாழ இரு மடங்கு. கடைக்காரப் பொடியன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை, நாளைக்கு வந்தா இதுவும் இல்லை" என்றான். வியாபாரத் தந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அது தந்திரமில்லை. கடந்த புதன்கிழமை, 3 ஆம் திகதி, மைக்ரோன் நிறுவனம் குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு நினைவகமும் தட்டும் விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. காரணத்தையும் மறைக்கவில்லை: செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் கேட்கும் அளவுக்குச் சில்லுகளைக் கொடுக்க வேண்டும், அங்கேதான் இலாபம். உலகில் நினைவகச் சில்லு செய்யும் பெரிய நிறுவனங்கள் மூன்றே மூன்று: சாம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன். மூன்றில் ஒன்று சில்லறைக் கடையை மூடினால் வெள்ளவத்தையில் கல்வெட்டு அடிப்பவனுக்கும் அது வந்து தட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதற்கு மேல் 2024 ஜனவரி முதல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி.

ஒக்டோபரில் பழைய கணினியைத் தூக்கியெறியச் சொன்னதும் இதே தொழில்துறை, டிசெம்பரில் புதியதற்கு வேண்டிய சில்லை வேறொருவருக்கு விற்றுவிட்டேன் என்று சொல்வதும் இதே தொழில்துறை. இரண்டு செய்திகளும் வெவ்வேறு பக்கங்களில் வருவதால் யாரும் சேர்த்து வாசிப்பதில்லை.

டிசெம்பர் 14

தெஹிவளை நண்பர் இன்று நேரில் வந்தார். 100 ஆம் இலக்க பஸ்ஸில், மடியில் கணினிப் பெட்டியை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் நினைத்ததைவிட இருபது வயது இளையவர். எழுத்தில் இருந்த சூடு நேரில் இல்லை.

"அண்ணை, நான் உங்களைக் கொஞ்சம் கடுமையா எழுதிப்போட்டன்."

"நீங்கள் எழுதாட்டி எனக்கு இந்தப் பெட்டி ஞாபகம் வந்திருக்காது, தம்பி."

அவருடைய கணினியில் சுழலும் தட்டைக் கழற்றிவிட்டுத் திடநிலைத் தட்டுப் போட்டோம். ஓராண்டு நீட்டிப்பில் பதிவு செய்தோம். பக்கத்தில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் நிறுவிக் காட்டினேன். உயர்தரம் படிக்கும் தங்கைக்கு அதிலுள்ள விசைப்பலகை பிடிக்குமோ தெரியாது என்று சொல்லிக்கொண்டு போனார். வரும் ஒக்டோபருக்குள் தெரிந்துவிடும்.

அவர் போனபிறகு, முதலாம் குறுக்குத் தெருவில் 1,800 ரூபாய்க்கு வாங்கிய மாற்றி ஒன்றின் மூலம் எக்ஸ்பி பெட்டியின் வன்தட்டைப் புதிய கணினியோடு இணைத்தேன். அது உறுமியது, ஒரு தடவை நின்றது, பிறகு ஓடியது. மூன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டன. இரண்டு பிரதிகள் எடுத்தேன், ஒன்று வீட்டில்.

வெளியே வந்த பிறகுதான் வேறொரு கேவலம் தெரிந்தது. தாய்ப்பலகையிலுள்ள நாணய மின்கலம் 2011 வாக்கில் செத்துவிட்டது. நான் அதை மாற்றவே இல்லை. அதனால் ஒவ்வொரு காலையும் அந்தப் பெட்டி தன்னைப் பொறுத்தவரை 2002 ஜனவரி 1 என்றே எழும்பியிருக்கிறது. 2011 இற்குப் பிறகு செய்த கோப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே புத்தாண்டுத் திகதி. ஐம்பது ரூபாய்ச் சோம்பல்.

டிசெம்பர் 28

மாற்றம் தொடங்கிவிட்டது. பாமினியை யுனிகோட் ஆக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. ஒட்டினால் அடுத்த நொடியில் தமிழ். முதல் நாள் அறுபது கல்வெட்டுகளை மாற்றிவிட்டு, இவ்வளவு இலகுவானதை ஏன் பதினைந்து வருடம் தள்ளிப்போட்டேன் என்று என்னையே திட்டினேன். இரண்டாம் நாள் ஒரு பெயரைத் தேடினேன். சிவகுமார். கண்முன்னே கோப்பில் இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது.

பாமினியில் அடித்தவர்களுக்கு விளங்கும். அதில் "ர" வுக்குத் தனி விசை உண்டு. ஆனால் "ர்", "ரி" ஆகியவற்றுக்கு நாங்கள் காலை அடித்து, அதன்மேல் புள்ளியையோ விசிறியையோ போடுவோம். அச்சில் அதுதான் அழகாக விழும். கருவியோ காலைக் கால் என்றே எடுத்துக்கொள்கிறது. ஆகவே "சிவகுமாா்" என்று வருகிறது. கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. கணினிக்கோ அது யாரோ ஒருவர். "அவர்கள்" என்ற சொல் என் கோப்புகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் "அவா்கள்" என்று நிற்கிறது. இணையத்தில் தமிழ்ச் செய்தித்தளங்களிலும் இதைக் காணலாம், தேடிப் பாருங்கள். பாமினியில் தட்டச்சுப் படித்த ஒரு தலைமுறையின் கைரேகை அது.

இதைத் திருத்துவது எளிது. காலுக்குப் பின்னால் புள்ளி வருவது தமிழில் எங்குமே இல்லை என்பதால் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றலாம். அந்த வெற்றி மயக்கத்தில் அடுத்ததையும் அப்படியே செய்தேன். "கௌரி" என்பது "கெளரி" என்று, ஒற்றைக் கொம்பும் "ள" வுமாக வந்திருந்தது. கொம்பையும் ள வையும் சேர்த்து எங்கு கண்டாலும் ஔகாரக் குறியாக மாற்று என்று சொன்னேன். கௌரியும் சௌந்தரராஜாவும் சரியாகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை போய்விட்டது. வெள்ளவத்தையும் போய்விட்டது. ஒவ்வொரு கல்வெட்டின் கடைசிப் பக்கத்திலும் இருக்கும் என் கடையின் முகவரியை நானே அழித்திருந்தேன்.

பிரதி எடுத்திருந்ததால் மீண்டும் முதலிலிருந்து.

2026 ஜனவரி 11

இவ்வளவு கஷ்டம் எதற்கு, பக்கத்தைப் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் எழுதித் தந்துவிடுமே என்று மருமகன் சொன்னான். கொடுத்துப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால் வியந்துபோனேன். ர், ரி, ஔ எதிலும் பிழை விடவில்லை. நான் இரண்டு கிழமை மாரடித்ததை அரை நிமிடத்தில் செய்துவிட்டது. 2005 இல் அச்சடித்த கல்வெட்டொன்றின் வம்சாவளிப் பக்கம் அது. சரிபார்க்க வேண்டியதில்லை என்று தோன்றும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

பழக்கதோஷத்தால் சரிபார்த்தேன். மூலத்தில் "சின்னாச்சிப்பிள்ளை" என்று இருந்த பூட்டி, புதிய பக்கத்தில் "சின்னப்பிள்ளை" ஆகியிருந்தார். அவருடைய தங்கை ஒருவர் வரியோடு காணாமல் போயிருந்தார். வாக்கியமாக இருந்திருந்தால் தடுமாற்றம் தெரியும். பெயர்ப் பட்டியலில் எப்படித் தெரியும்? நான் விட்ட பிழை கண்ணை உறுத்தியது, வெள்ளவத்தையே சிதறிக் கிடந்தது. இது விட்ட பிழை நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது. எனக்கு எது வேண்டும் என்று கேட்டால், சிதறிக் கிடப்பதே வேண்டும்.

இப்போது இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன். கருவியின் மூலம் மாற்றி, திருத்தி, பிறகு அந்தச் செயலியின் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறேன். இரண்டும் வேறுபடும் இடத்தில் மட்டும் மூலத்தைத் திறந்து பார்க்கிறேன். மருமகனுக்கு இதில் வெற்றி, எனக்கும் வெற்றி.

ஜனவரி 25

ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். 2004 இல் இங்கே அடித்த அப்பப்பாவின் கல்வெட்டு வேண்டும். வீட்டிலிருந்த பிரதி வீடு மாறியபோது தொலைந்துவிட்டதாம். வழக்கமாக இப்படிக் கேட்டால் ஒரு கிழமை தவணை சொல்வேன். பெயரைக் கேட்டு, பேசிக்கொண்டே தேடினேன், வந்துவிட்டது. வம்சாவளியை வாசித்துக் காட்டச் சொன்னார். ஐந்தாவது பெயரில் மறுமுனை அமைதியாகிவிட்டது. அவர் அழுதாரா, எழுதிக்கொண்டிருந்தாரா என்று கேட்கவில்லை. கோப்பை அனுப்பிவிட்டேன்.

பெப்ரவரி 8

1,140 கோப்புகளில் 1,129 முடிந்துவிட்டன. மிஞ்சிய பதினொன்றும் எக்ஸ்பி பெட்டிக்கு முந்திய கணினியிலிருந்து வந்தவை. அவை பாமினியில் இல்லை. எந்த எழுத்துரு என்று கோப்பில் உள்ள பெயரைக் கொண்டு கண்டுபிடிக்க முடியவில்லை, எழுத்துருவும் என்னிடம் இல்லை. அந்தக் காலத்தில் அச்சகத்துக்கு ஓர் எழுத்துரு என்று இருந்தது.

அவற்றில் ஏழு கல்வெட்டுகள். எல்லாக் கல்வெட்டிலும் முன்பக்கங்களில் பஞ்சபுராணம் இருக்கும்; எந்தப் பாடல்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஆங்கிலக் குப்பையாகத் தெரியும் வரியின்கீழ் நான் அறிந்த பாடலை எழுதி, இந்த எழுத்துக்கு இது, அந்த எழுத்துக்கு அது என்று மூன்று இரவுகளில் ஓர் அட்டவணை தயாரித்தேன். பாடல்களில் வராத கிரந்த எழுத்துகள் மட்டும் பிடிபடவில்லை. அவையும் ராஜேஸ்வரி என்று ஒருவர் இறந்திருந்ததால் பாதி தீர்ந்தன.

எஞ்சிய நான்கும் அழைப்பிதழ்கள், வேறோர் எழுத்துருவில். பாடல் இல்லை, நாளும் நேரமும் மண்டபமும்தான். 1997, 98 காலத்தில் கொழும்பில் தட்டச்சு வேலை செய்தவர்கள் யாரிடமாவது பழைய எழுத்துருக்கள் அடங்கிய ஃப்ளொப்பியோ தட்டோ இருந்தால் சொல்லுங்கள். வாசிப்பதற்கு இயந்திரம் என்னிடம் இருக்கிறது. மின்கலமும் மாற்றிவிட்டேன்.